பிடிப்பதும் விடுவதும்

ஷாங்காயில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, கண் விழித்தபோது கழுத்து வலப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. முந்தைய இரவு சாய்வு நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தேன். பல் துலக்கக் குனிய முடியாமலும், கூப்பிட்டவர் முகத்தைப் பார்க்க உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டும் ஒருவழியாக அலுவலகம் போய்ச் சேர்ந்த என்னைக் கண்டதும், பக்கத்து மேசைக்காரர் "லாவ்ஜென்" என்று ஒரே சொல்லில் நோயைச் சொல்லிவிட்டார். தலையணையிலிருந்து விழுந்தது என்பது அதன் நேர்ப்பொருள். நாம் 'கழுத்துப் பிடித்துக்கொண்டது' என்று கழுத்தின் மேல் சொல்வதைச் சீனர்கள் தலையணையின் மேல் பழியாகப் போடுகிறார்கள். மதிய இடைவேளையில் அவரே என்னை இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு சிறிய துய்னா, அதாவது சீன மசாஜ், வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார்.

உள்ளே நுழைந்ததும் நான் கட்டிலைத் தேடினேன். மசாஜ் என்றால் குப்புறப் படுக்க வேண்டும் என்ற எண்ணம்தான் எனக்கு இருந்தது. சுவரோரமாக இரண்டு கட்டில்கள் இருக்கத்தான் செய்தன. ஆனால் எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த வைத்தியர் எனக்குக் காட்டியது சாய்மானம் இல்லாத ஒரு சதுர மர ஸ்டூலை. சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. எண்ணெய்க் கிண்ணம் எதுவும் கண்ணில் படவில்லை. துவைத்துத் துவைத்து மென்மையாகிப்போன ஒரு வெள்ளைப் பருத்தித் துணியைத் தோளின் மேல் விரித்துவிட்டு, கழுத்தைத் தொடாமல் என் வலக்கையை எடுத்துக்கொண்டார். புறங்கையில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் பின்னால் ஓடும் இரண்டு எலும்புகளுக்கு இடையே கட்டைவிரல் நுனியை ஊன்றி அழுத்திக்கொண்டே, "இப்போது கழுத்தை மெதுவாகத் திருப்புங்கள்" என்றார். அந்த இடத்துக்கு லாவ்ஜென் புள்ளி என்றே பெயர் என்பதைப் பிறகு அறிந்தேன். கையில் ஏறிய வலியின் மேல் கவனம் போயிருந்த நேரத்தில் கழுத்து ஓரிரு விரற்கடை திரும்பியிருந்தது. அதன் பிறகுதான் அவர் எழுந்து என் பின்னால் வந்து நின்று, தோளைத் தொட்டார்.

கழுத்துப் பிடிப்பு வைத்தியம் இல்லாமலும் சில நாட்களில் விட்டுவிடக்கூடியது. ஆகவே அன்று மாலைக்குள் எனக்குக் கிடைத்த ஆறுதலை அற்புதம் என்று சொல்ல மாட்டேன். என் மனத்தில் தங்கியது வேறு. அந்த இருபது நிமிடமும் நான் உட்கார்ந்தே இருந்தேன், கால்கள் தரையில் ஊன்றியிருந்தன, தலையை நானே தாங்கிக்கொண்டிருந்தேன், அவர் கேட்டபோதெல்லாம் திருப்பினேன், குனிந்தேன், பதில் சொன்னேன். படுக்க வைக்க இடமோ நேரமோ இல்லாதபோது செய்துகொள்ளும் சுருக்க வைத்தியம்தான் அமர்ந்தவருக்குச் செய்யும் துய்னா என்று பலரும் நினைக்கிறார்கள். அது தனக்கென்று இலக்கணம் உடைய தனிக் கலை என்பதை அந்த ஸ்டூலில் தொடங்கிய ஐந்து ஆண்டுகளில், அதே வைத்தியரிடம் முதலில் நோயாளியாகவும் பின்னர் மாலை நேர மாணவனாகவும் நான் கற்றுக்கொண்டேன்.

துய்னா என்பது இரண்டு எழுத்து. 'துய்' என்றால் தள்ளுவது, 'நா' என்றால் பற்றி எடுப்பது. இந்தக் கலையின் பழைய பெயர் 'அன்மோ', அதாவது அழுத்துவதும் தடவுவதும். கையின் செயலையே கலையின் பெயராக வைத்திருப்பது நமக்கு அந்நியமான வழக்கம் அல்ல. "காலைப் பிடித்து விடு", "முதுகை நீவி விடு", "தைலம் போட்டு உருவி விடு", "தோளை அமுக்கி விடு" என்று நம் வீடுகளில் சொல்லும் ஒவ்வொன்றும் வேறு வேறு கைவேலை; சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அந்த வேறுபாடு தெரியும். சித்த மருத்துவத்தில் உடம்பைப் பிடித்துவிடும் முறையான தொக்கணத்திலும் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அசைத்தல் என்று செயலின் பெயரே முறையின் பெயர். 'நா' என்ற சீனச் சொல்லுக்கு நம்முடைய 'பிடித்து விடுதல்' என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமுமாகத் தசையைப் பற்றி, சற்றே தூக்கி, பிறகு விட வேண்டும். பிடிப்பது எவ்வளவு மெதுவாக நடக்கிறதோ அவ்வளவு மெதுவாக விடுவதும் நடக்க வேண்டும். சட்டென்று விட்டால் தசை திடுக்கிட்டு மறுபடி இறுகிக்கொள்ளும். என் ஆசிரியர் என் கையைத் திருத்திய நேரங்களை எண்ணிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை விடும் பாதியில்தான் இருக்கும்.

வரலாற்றை நீட்டப் போவதில்லை; ஆனால் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் போகவும் முடியாது. தாங் அரச மரபின் (618–907) அரச மருத்துவக் கல்விக்கூடத்தில் அன்மோவுக்கென்று தனித் துறை இருந்தது. அதில் ஒரு பேராசிரியரும் நான்கு ஆசான்களும், அவர்களுக்குக் கீழே பணியாளர்களும் மாணவர்களும் இருந்தார்கள். மிங் ஆட்சியில் 1571ஆம் ஆண்டு அரச மருத்துவத் துறைகளின் பட்டியலிலிருந்து அன்மோ நீக்கப்பட்டது. அரண்மனைக் கதவு மூடிக்கொண்ட அதே காலத்தில்தான் குழந்தைகளுக்கான கைவைத்தியம் செழித்து, துய்னா என்ற பெயரும் பரவியது. அதன் பிறகு பல நூற்றாண்டுகள் இந்தக் கலை எலும்பு வைத்தியர்களிடமும் முடிதிருத்துவோரிடமும் குடும்பப் பரம்பரைகளிடமும் கைமாறிக் கைமாறி வாழ்ந்தது. ஷாங்காயில் 1956இல் துய்னா பயிற்சி வகுப்பு தொடங்கியபோதும், 1958இல் அங்கே துய்னா பள்ளி உருப்பெற்றபோதும், அதற்குத் தலைமை ஏற்ற ஜூ சுன்திங் இப்படியான ஒரு பரம்பரையில் கற்றவர்தான். பெய்ஜிங்கில் பார்வையற்ற மருத்துவர்கள் பெருமளவில் பணியாற்றும் மசாஜ் மருத்துவமனை தொடங்கப்பட்டதும் அதே 1958இல்தான்.

இனி அந்த ஸ்டூலுக்கு வருகிறேன். மனிதத் தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. கட்டிலில் குப்புறப் படுத்தவுடன் அந்த ஐந்து கிலோவைக் கட்டில் வாங்கிக்கொள்கிறது. கழுத்துத் தசைகள் வேலையை விட்டு ஓய்ந்துவிடுகின்றன. அமர்ந்திருப்பவரின் கழுத்துத் தசைகளோ வேலையில் இருக்கும் தசைகள். கணினி முன்னால் எட்டு மணி நேரம் எந்த நிலையில் அவருக்கு வலித்ததோ, ஏறக்குறைய அதே நிலையில்தான் அவை வைத்தியரின் விரலுக்குக் கீழே இருக்கின்றன. எந்த இழை அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டிருக்கிறது, எந்தப் பக்கம் மறுபக்கத்தின் சுமையையும் சேர்த்துத் தூக்குகிறது என்பது உட்கார்ந்திருக்கும்போது தெரிவதைப் போலப் படுத்திருக்கும்போது தெரிவதில்லை. இடுப்புக்கும் தொடைக்கும் கட்டில்தான் நல்லது என்பதில் என் ஆசிரியருக்கு ஐயமே இல்லை. கழுத்து, தோள், தலை ஆகிய மூன்றுக்கும் முதலில் ஸ்டூல். அது போதாதபோதுதான் கட்டில் என்பது அவருடைய ஒழுங்கு.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அமர்ந்தவரின் பின்னால் நிற்கும் வைத்தியர், ஒரு கையால் தசையின் மேல் வேலை செய்துகொண்டே மறுகையால் மூட்டை அசைக்க முடியும். வலக்கை தோளின் மேட்டில் உருண்டுகொண்டிருக்க, இடக்கை நெற்றியைத் தாங்கித் தலையை மெல்ல முன்னே சாய்க்கும், பின்னே கொண்டுவரும், இடப்பக்கம் திருப்பும். தசை நீளும்போது அதற்குக் கீழே ஓர் அழுத்தமும், சுருங்கும்போது வேறோர் அழுத்தமும் கிடைக்கும். இரண்டு கைகளும் இரண்டு வேறு தாளங்களில் இயங்க வேண்டும்: ஒன்று வேகம், மற்றொன்று மிக மெதுவு. அமர்ந்த நிலைத் துய்னாவின் உயிர் இந்த இரட்டை வேலையில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இன்று விமான நிலையங்களிலும் அலுவலகங்களிலும் முகத்தைப் புதைத்துக்கொள்ள வளையத் தலையணை வைத்த சாய்ந்த நாற்காலிகளைப் பார்த்து, இதுதான் சீன நாற்காலி மசாஜ் என்று எண்ணுபவர்கள் உண்டு. அந்த நாற்காலி 1980களில் அமெரிக்காவில் டேவிட் பால்மர் என்பவர் வழியாகப் பரவியது. அவர் பயின்றது ஜப்பானிய 'அன்மா' முறையை. அன்மா என்ற சொல் அன்மோ என்பதன் ஜப்பானிய உச்சரிப்பே என்பதால் உறவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் தலையின் எடை தலையணைக்குப் போய்விடுகிறது. தலையைத் திருப்பவும் இடமில்லை. களைப்பு நீங்க அது இனிய வழி. ஸ்டூலில் நடக்கும் வேலையை அது செய்யாது.

என் ஆசிரியரை எல்லோரும் அழைப்பது போல நானும் 'லாவ்ஷி', அதாவது ஆசிரியர், என்றே அழைத்தேன். ஒரு பெரிய மருத்துவமனையின் துய்னா பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு சாணுக்குச் சற்று அதிக நீளமுள்ள துணிப் பையை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே அரிசி இருந்தது. துய்னா கற்பவர்கள் மனித உடம்பைத் தொடுவதற்கு முன்பு மாதக்கணக்கில் பழகுவது இந்த அரிசிப் பையில்தான். ஆரம்பத்தில் பையின் வாயை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கை பழகப் பழகக் கட்டைத் தளர்த்துவார்கள். தளர்ந்த பையில் விரல் நழுவும், அரிசி ஒதுங்கி ஓடும். அப்படி ஓடாதபடி அதை அதன் இடத்திலேயே நிறுத்திக்கொள்ளக் கற்ற பிறகுதான் மனிதத் தசை. நான் இறுகக் கட்டிய பையிலேயே மூன்று மாதம் கழித்தேன்.

அந்தப் பையின் மேல் முதலில் பழகியது 'யீஜிசான்' என்ற முறை. ஒருவிரல் தியானத் தள்ளல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். கட்டைவிரலின் நுனியோ வயிறோ ஓரிடத்தில் ஊன்றியிருக்க, முன்கையின் வீச்சில் மணிக்கட்டு இப்படியும் அப்படியும் ஊசலாட, அந்த ஆட்டம் விரல் வழியாக உள்ளே இறங்குகிறது. தோளை இறக்கு, முழங்கையைத் தொங்கவிடு, மணிக்கட்டைத் தூக்கு, உள்ளங்கை வெறுமையாக இருக்கட்டும், விரல் திண்மையாக இருக்கட்டும் என்ற ஐந்து கட்டளைகளையும் லாவ்ஷி ஒரு மந்திரத்தைப் போலச் சொல்லுவார். நிமிடத்துக்கு 120 முதல் 160 முறை வரை அந்த ஊசலாட்டம் நடக்க வேண்டும். ஆனால் விரல் தோலின் மேல் நகர்வது எறும்பு ஊர்வதைவிட மெதுவாக இருக்க வேண்டும். 'விரைவாகத் தள்ளு, மெதுவாக நகர்' என்பது இந்த முறையின் வாய்ப்பாடு. முதல் வாரத்தில் என் கட்டைவிரல் இரண்டு நிமிடத்தில் சோர்ந்துவிடும். சோர்ந்ததும் நான் தோளைத் தூக்கிக்கொள்வேன். அவர் பேசாமல் வந்து தன் உள்ளங்கையை என் தோளின் மேல் வைப்பார். அந்தக் கையின் எடையிலேயே தோள் இறங்கிவிடும்.

இந்த யீஜிசான் பரம்பரையில் வந்த திங் ஷுஷானின் மகன் திங் ஜிஃபெங், 1940களில் ஒரு புதிய முறையை உருவாக்கினார். ஒரு கட்டைவிரல் தொடும் பரப்பு சிறியது. தோள், இடுப்பு போன்ற பருத்த தசைகளுக்கு அது போதவில்லை. அதனால் அவர் புறங்கையையே கருவியாக்கினார். கையைச் சற்றே மூடிய நிலையில் சுண்டுவிரல் பக்கத்துப் புறங்கையைத் தசையின் மேல் வைத்து, முன்கையை உருட்டுவதையும் மணிக்கட்டை மடக்கி நீட்டுவதையும் ஒன்றாக இணைத்தால், பூரிக்கட்டை மாவின் மேல் உருள்வது போலப் பாதிப் புறங்கை தசையின் மேல் உருண்டு திரும்பும். 'குன்', அதாவது உருட்டல், என்று அதற்குப் பெயர். முன்னே உருளும்போது கொடுக்கும் அழுத்தம் மூன்று பங்கு என்றால், திரும்பி வரும்போது ஒரு பங்கு. கை தேயக் கூடாது, குதிக்கக் கூடாது, இழுபடக் கூடாது. தொட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டே உருள வேண்டும். பத்து நிமிடம் செய்தால் ஆயிரத்து இருநூறு உருட்டலுக்குக் குறையாது. அவ்வளவும் ஒரே சீராக இருந்தால்தான் நோயாளியின் உடம்பு அடுத்த உருட்டலை எதிர்பார்க்கத் தொடங்கி, எதிர்பார்ப்பில் தன் காவலைத் தளர்த்துகிறது. ஒன்று பிசகினாலும் காவல் திரும்பிவிடும். நீடிப்பு, வலிமை, சீர்மை, மென்மை என்ற நான்கும் கூடினால்தான் ஐந்தாவதாகிய 'உள்ளே இறங்குதல்' நிகழும் என்று துய்னா பாடநூல்கள் சொல்வதை நான் கையால் புரிந்துகொள்ள ஓராண்டு ஆயிற்று.

ஸ்டூலில் அமர்ந்தவரின் கழுத்துக்கு லாவ்ஷி செய்யும் வேலையை ஒரு மாலை முழுவதும் பக்கத்தில் நின்று கவனித்ததை எழுதுகிறேன். வந்தவர் ஒரு தையல்காரப் பெண்மணி. முதலில் பேச்சு, எங்கே வலி, எப்போது தொடங்கியது, கை மரத்துப்போகிறதா, நடக்கும்போது கால் தடுமாறுகிறதா, சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று. பிறகு துணி விரித்து, கழுத்தின் இரு பக்கமும் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக நீவிப் பார்த்தார். அது தேடும் கை. இறுகிய இடம் கிடைத்ததும் உருட்டல் தொடங்கியது. தோள் மேட்டில் ஐந்தாறு நிமிடம் உருட்டிய பின் தலையை அசைத்துக்கொண்டே அதே வேலை. பிறகு மண்டையோட்டின் அடியில், பிடரியின் இரு பக்கக் குழிகளாகிய 'ஃபெங்சி' புள்ளிகளைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பற்றி, சிறு வட்டமாகப் பிசைந்தார். காற்றுக் குளம் என்று அந்தப் பெயருக்குப் பொருள். குளிர்காற்று உடம்புக்குள் நுழையும் வாசல் அதுதான் என்று முன்னோர் கருதினார்கள். கடைசியாகக் கழுத்தடி எலும்புக்கும் தோள் முனைக்கும் நடுவே உள்ள 'ஜியான்ஜிங்', அதாவது தோள் கிணறு. இரு கைகளாலும் அந்த இரு மேடுகளையும் பிடித்துத் தூக்கித் தூக்கி விட்டபோது அந்தப் பெண்மணியின் வாயிலிருந்து ஒரே சொல் வந்தது: "சுவான்!"

அந்தச் சொல்லுக்குப் புளிப்பு என்று பொருள். தசையின் ஆழத்தில் எழும் ஒரு வகை வலியைச் சீன மொழி நாக்கின் சுவையால் சொல்கிறது. நாம் 'கால் கடுக்க நின்றேன்' என்று சொல்லும்போது வருகிற அந்தக் கடுப்புக்கு அது மிக நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது. வைத்தியர் கேட்டுக்கொண்டே இருப்பார்: கடுக்கிறதா, விம்முகிறதா, மரக்கிறதா? கடுப்பும் விம்மலும் சரியான இடத்தில் சரியான அழுத்தம் விழுந்ததற்கு அடையாளம் என்று கொள்வார்கள். 'மா' என்று சொன்னால், அதாவது கை வழியாக மதமதப்பு ஓடினால், நரம்பு தொடப்பட்டிருக்கிறது. உடனே நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும். குத்துவது போலக் கூர்மையாக வலித்தாலும் அப்படியே. படுத்திருப்பவர் தலையணைக்குள் முனகுவது வைத்தியருக்குப் பாதிதான் கேட்கும். ஸ்டூலில் இருப்பவரின் மறுமொழி முழுதாக வந்துவிடும்: மூச்சு நிற்பது, கால்விரல் தரையைப் பற்றுவது, மடியில் கிடந்த கை முட்டியாகிவிடுவது. லாவ்ஷி எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி வைத்திருந்தார். பின்னால் நின்று வேலை செய்துகொண்டே நோயாளியின் புருவத்தைப் பார்ப்பதற்கு.

தலைவலியோடு வருபவர்களுக்கும் ஸ்டூல்தான். நெற்றியை நடுவிலிருந்து இரு பக்கமும் கட்டைவிரல்களால் நீவுவது எல்லோருக்கும் தெரிந்ததே. ஐந்து விரல்களையும் விரித்து, நெற்றி மயிர்க்கோட்டில் ஊன்றி, விரல் நுனிகளால் பற்றிப் பற்றி உச்சி வழியாகப் பின்னே கொண்டுபோய், பிடரிக்கு வந்ததும் மூன்று விரல்களாகச் சுருக்கிக் கழுத்தில் இறங்குவது ஷாங்காய் வைத்தியர்கள் விரும்பிச் செய்யும் முறை. காதுக்கு மேலே, கன்னப்பொறியிலிருந்து காதின் பின்புறம் வரை விரல் நுனிகளால் மிக விரைவாகப் பெருக்குவது போல அசைப்பது இன்னொன்று. அதன் பெயரிலேயே துடைப்பம் இருக்கிறது. சீனப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மேசை முன் அமர்ந்தபடியே ஒலிபெருக்கியின் எண்ணிக்கைக்குக் கண்ணைச் சுற்றித் தாங்களே அழுத்திக்கொள்ளும் கண் பயிற்சியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1960களின் தொடக்கத்தில் துய்னா புள்ளிகளை வைத்து அதை வகுத்து, நாடு முழுவதும் பரப்பினார்கள். கிட்டப்பார்வையை அது தடுக்கிறதா என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனாலும் ஒரு தேசத்தின் பிள்ளைகள் எல்லோருக்கும் தன் விரலைத் தன் முகத்தில் எங்கே, எவ்வளவு மெதுவாக வைப்பது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய செய்தியாகவே படுகிறது.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கற்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், அலுவலக நண்பர் ஒருவர் மாலை ஆறு மணிக்குத் தோள்வலி என்று வந்து உட்கார்ந்தார். நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். தோள் கிணற்றைப் பிடித்து நாலைந்து முறை பலமாகத் தூக்கியிருப்பேன். அவருடைய காது மடல் வெளுத்து, பிடரி வியர்த்து, உடம்பு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. காலையிலிருந்து தேநீரைத் தவிர எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. என் நெஞ்சின் மேல் அவரைச் சாய்த்துக்கொண்டு தரையில் இறக்கிப் படுக்க வைத்து, காலை உயர்த்தி, சர்க்கரை கரைத்த வெந்நீர் கொடுத்த பிறகு கண்ணைத் திறந்தார். படுத்திருப்பவர் மயங்கினால் படுத்தே கிடப்பார். ஸ்டூலில் இருப்பவர் விழுவார். அதனால்தான் வைத்தியரின் வயிறோ தொடையோ எப்போதும் நோயாளியின் முதுகுக்கு ஒரு கையளவுக்குள் இருக்க வேண்டும் என்றும், ஒரு கை விலகினால் மறு கை தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் லாவ்ஷி சொல்லி வந்தார். அன்றுவரை அதை நான் ஒரு மரியாதை முறை என்று எண்ணியிருந்தேன். பசித்தவருக்கும், குடித்தவருக்கும், ஓடி வந்து மூச்சு வாங்குபவருக்கும் கை வைக்கக் கூடாது. கருவுற்ற பெண்களுக்குத் தோள் கிணற்றையும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள 'ஹெகு' புள்ளியையும் அழுத்துவதில்லை என்பது பழைய விதி.

கழுத்தை நெட்டி முறிப்பதைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது, ஏனென்றால் நம் ஊரில் பலருக்கும் அமர்ந்த நிலை மசாஜ் என்றால் சலூன் நாற்காலியில் முடி வெட்டிய பிறகு தாடையைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டித் திருப்புவதுதான். துய்னாவிலும் 'பான்' என்று ஒரு முறை உண்டு. கழுத்தைச் சற்றே முன் வளைத்து, ஒரு கை பிடரியிலும் மறு கை தாடையிலுமாக, தடை தெரியும் இடம் வரை மெதுவாகத் திருப்பி, அங்கிருந்து மிகச் சிறிய அளவு மட்டும் விரைந்து நகர்த்தி உடனே விட்டுவிடுவது. சத்தம் வர வேண்டும் என்று முயலக் கூடாது என்பது அதன் முதல் விதி. அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயு குமிழ்வதால் எழுவது. எலும்பு இடத்தில் உட்கார்ந்ததற்கான முத்திரை அல்ல. கழுத்து எலும்புகளுக்கு உள்ளே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் ஏறிச் செல்கின்றன. முரட்டுத் திருப்பலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. எலும்பு மெலிந்தவர்கள், தண்டுவடம் அழுந்தியவர்கள், தலைச்சுற்றலோடு வருபவர்கள் ஆகியோரிடம் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. லாவ்ஷி எனக்கு எல்லா முறைகளையும் காட்டினார். இதை மட்டும் என் கையால் செய்ய அனுமதிக்கவில்லை. மருத்துவம் படிக்காத நான் அதைக் கேட்டிருக்கவே கூடாது என்று இப்போது தெளிவாக உணர்கிறேன். முடிதிருத்தும் கடையில் யாராவது கழுத்தில் கை வைத்தால், அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நாடிகள், உயிர்க்காற்றின் ஓட்டம் என்று சீன மருத்துவம் சொல்லும் விளக்கங்களை நான் எப்படி எடுத்துக்கொள்கிறேன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 'அடைத்தால் வலிக்கும், திறந்தால் வலிக்காது' என்ற சீன முதுமொழியை வைத்தியசாலைச் சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த அடைப்பு எங்கே இருக்கிறது என்பதை உடற்கூறியல் படித்தவர் ஒரு விதமாகவும், லாவ்ஷி ஒரு விதமாகவும் சொல்வார்கள். விரலுக்குக் கீழே கயிறு போல உருளும் தசை இழை இருவருக்கும் ஒன்றுதான். நான் அந்த இழையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பியபோது, கோவையில் அம்மாவுக்கு வலத் தோள் இறுகியிருந்தது. சீனர்கள் 'ஐம்பதுத் தோள்' என்று வயதைச் சேர்த்துப் பெயரிட்டிருக்கும் அதே நோய். கையைப் பின்னே கொண்டுபோய் ரவிக்கையை இழுத்துவிட முடியாது, தலைக்கு மேலே தூக்கிக் கொண்டை முடிய முடியாது. மருத்துவரிடம் காட்டி, சர்க்கரையும் எலும்பும் பார்த்து, அசைக்கலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் நான் கை வைத்தேன். வீட்டில் ஸ்டூல் இல்லை. அப்பா வாங்கிப் போட்டிருந்த பிரம்பு மோடாவைக் கூடத்தில் வைத்து அம்மாவை உட்கார வைத்தேன்.

தோளைச் சுற்றி உருட்டல் பத்து நிமிடம். பிறகு அம்மாவின் முழங்கையை என் முன்கையின் மேல் ஏந்திக்கொண்டு, தோளைச் சிறு வட்டமாகச் சுழற்றினேன். முதல் வாரம் அந்த வட்டம் ஒரு தோசைக்கல் அளவுகூட இல்லை. வலி தொடங்கும் விளிம்பு வரை போய், அங்கே தங்கி, மூச்சு விடச் சொல்லி, திரும்பி வர வேண்டும். விளிம்பைத் தாண்டக் கூடாது. முடிவில் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே கையை வைத்து, தயிர் கடையும் மத்தைக் கயிறு சுழற்றுவது போலத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை உருட்டிக்கொண்டே இறங்கி, மணிக்கட்டை இரு கைகளாலும் பிடித்துச் சற்றே இழுத்தபடி மிகச் சிறிய அதிர்வாக உதறினேன். சரியாகச் செய்தால் அந்த அதிர்வு அலையாக ஏறித் தோளில் போய்த் தெரியும். அம்மாவின் மேற்கைத் தசை முதல் சில நாட்கள் அந்த அலையை முழங்கையிலேயே நிறுத்திவிட்டது. பயம் இருக்கும் இடம் அதுதான். இரண்டாம் மாதத்தில் ஒரு காலை, உதறிக்கொண்டிருந்தபோது அலை தோளைத் தாண்டி அம்மாவின் காதுத் தோடு வரை போய் ஆடியது.

இந்த நோய் ஓரிரு ஆண்டுகளில் பலருக்குத் தானாகவே விட்டுப்போவதும் உண்டு. எனவே எவ்வளவு என் கையால், எவ்வளவு காலத்தால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. தினமும் மோடாவில் உட்கார்ந்ததும் அம்மா தானாகவே கையை நீட்டத் தொடங்கினார். ஒரு நாள் வேலை முடிவதற்கு முன்பே, "போதும் கண்ணு, உனக்குக் கை கடுத்துப் போகும்" என்று சொல்லி எழுந்தவர், நடந்துகொண்டே இரு கைகளையும் பின்னே கொண்டுபோய், அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டார். முடிந்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவருக்கே தெரிந்தது.